அமான்ஸ் காட்டின் வேரடியில்

பிரான்சின் கிழக்கே லொரைன் வட்டாரத்தில் இருக்கிறது நான்சி நகரம். அங்கே ஸ்தானிஸ்லாஸ் சதுக்கத்தின் பொன்முலாம் பூசிய இரும்புக் கதவுகளைக் காண உலகமே வருகிறது. நானும் பார்த்தேன், கண் நிறைந்தது. ஆனால் மனம் முழுக்கப் பக்கத்து ஊரான ஷாம்பெனூவில் இருந்தது. அங்கேதான் அமான்ஸ் காடும், அதை ஒட்டிப் பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் வன ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன.

அக்டோபர் மாதம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. டக்ளஸ் ஃபர் மரமொன்றின் அடியில் அந்த மையத்தின் ஆய்வாளர் ஒருவர் மண்டியிட்டுச் சருகை விலக்கினார். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு காளான்: செம்பழுப்புக் குடை, காம்பின் அடியில் கத்தரிப்பூ நிறத்தில் பஞ்சு போன்ற இழைகள். பெயர் லாக்கேரியா பைகலர்.

ஒரு பிடி வேரை மண்ணோடு எடுத்துத் தண்ணீரில் அலசி, பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நுனிவேர்கள் குட்டையாக, தடித்து இருந்தன. வேர்த்தூவி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு நுனியையும் பூஞ்சை இழைகள் உறைபோல் மூடியிருந்தன. அந்த இழைகள் வேருக்குள்ளும் போய்ச் செல்களுக்கு இடையே வலை பின்னுகின்றன, செல்களைத் துளைப்பதில்லை. பூஞ்சை மண்ணிலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் திரட்டித் தருகிறது. மரம் சர்க்கரை கொடுக்கிறது.

வேரை அழுக வைக்கும் நோய்களிலும் பல பூஞ்சையால் வருபவைதானே? இதை மட்டும் மரம் எப்படி உள்ளே விடுகிறது? அதற்கு விடை தேடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பிரான்சிஸ் மார்த்தான் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2008இல் இந்தக் காளானின் மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். வேரோடு சேரும்போது மும்முரமாகச் செயல்படும் மரபணுக்களில் ஒன்று ‘மிஸ்ப்-7’ என்ற புரதத்தைச் சுரக்க வைக்கிறது. மொத்தமே 68 அமினோ அமிலங்கள்தான்.

இந்தக் காளான் பாப்லர் மரத்தோடும் கூட்டுச் சேரும்; ஆய்வகத் திரையில் பாப்லர் வேரின் படம் ஒன்றைப் பார்த்தேன். ஒளிரும் சாயம் ஏற்றிய அந்தப் புரதம் வேர்ச்செல்லுக்குள் புகுந்து, அதன் உட்கருவில் போய்ச் சுடர்ந்துகொண்டிருந்தது. பூஞ்சை அனுப்பிய ஒரு துளிப் புரதம் மரத்தின் மரபணுக்கள் இருக்கும் இடத்துக்கே போய்விடுகிறது! எதிர்ப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகும்போது, அந்த எதிர்ப்பைத் தடுத்து நிறுத்தும் ஒரு காவல் புரதம் பாப்லரில் சிதைந்துபோகும். மிஸ்ப்-7 அந்தக் காவல் புரதத்தைப் பற்றிக்கொண்டு சிதையாமல் காக்கிறது என்று 2014இல் கண்டறிந்தார்கள். மிஸ்ப்-7க்கான இந்த ஒரு மரபணுவைப் பூஞ்சையில் அடக்கிவிட்டால் உறவே கூடிவருவதில்லை.

பூஞ்சையும் விலை கொடுத்திருக்கிறது. தாவரச் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளுக்கான மரபணுக்களில் பெரும்பகுதியை அது பரிணாமத்தில் இழந்துவிட்டது. மக்கும் மரத்தைத் தின்று பிழைக்கும் மற்றக் காளான்களின் வழி இனி அதற்கு இல்லை. மரம் வாழ்ந்தால்தான் அதற்கு வாழ்வு.

எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணித்தான் நாம் காடு வளர்ப்பை அளக்கிறோம். வேரடி மண்ணில் அந்தந்த மரத்துக்குரிய பூஞ்சை இருக்கிறதா என்றும் இனிப் பார்க்க வேண்டும். மண்ணை உயிரோடு வைத்திருந்தால்தான் நட்டது காடாகும்.