கட்டற்ற மென்பொருள்

கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி. கட்டற்ற மென்பொருளும் அத்தகையதே. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிய லினக்ஸ் கருநிரலின் மூலத்தை யாவரும் கற்றுத் திருத்துமாறு வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் தொடங்கப்பெற்றது டெபியன் இயங்குதளம்.

டெபியனை மடிக்கணினியில் நிறுவியோர் பலர் ஓர் இடருக்கு உள்ளாயினர். திரை ஒளிர்ந்தது; விசைகள் இயங்கின; வைஃபை மட்டும் இயங்கவில்லை. காரணம் யாது? வைஃபைக் கருவிகள் பலவும், தமக்குரிய சிறு நிரல் ஒன்றை உள்ளே ஏற்றினாலன்றி இயங்கா. அந்நிரலின் மூலத்தை ஆக்கியோர் வெளியிடவில்லை. மூலம் மறைத்த நிரலுக்கு நிறுவு வட்டில் இடமில்லை என்பது டெபியன் குழுவினர் கொள்கை. நிரலைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெறவோ அந்நிரல் வேண்டும்!

கொள்கை பெரிதா, பயன் பெரிதா? 2022-இல் குழுவினர் வாக்களித்து, அந்நிரல்களையும் வட்டில் சேர்க்க இசைந்தனர். 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பு அவ்வாறே அமைந்தது. ஆயினும் அவை தனிப் பிரிவில் வைக்கப்பெற்றன. விரும்பாதோர் விலக்கவும் வழி உண்டு. கொள்கையும் மறக்கப்படவில்லை, பயன்படுத்துவோர் குறையும் தீர்ந்தது. பிறர் இடர் அறிந்து நெகிழ்தலும் கொள்கையுடையார்க்கு அழகே.