பாராசூட்டோடு ஒரு பயணம்

செந்தோசாவில் செயற்கைக் காற்றில் மிதந்து பார்த்தவர்களுக்கு அடுத்த ஆசை நிஜ வானம். சிட்னிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள வுல்லங்காங் அதற்கு நல்ல இடம். ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் கடல். இறங்குவது கடலோரப் புல்வெளியில்.

முதன்முறை குதிப்பவரைப் பயிற்றுநர் தம்முடன் பிணைத்துக்கொள்வார். சாதனங்கள் அங்கேயே கிடைக்கும். கழன்றுவிடாத காலணி போதும்.

சொந்தப் பாராசூட் இருந்தால் கைப்பையாகவே எடுத்துச்செல்லுங்கள். ஆபத்தில் அவசரக் குடையைத் தானே திறக்கும் கருவி அதில் இருக்கும். அதற்குரிய எக்ஸ்ரே அட்டையைச் சோதனை அதிகாரியிடம் காட்டுங்கள். சோதனையில் அவசரக் குடை திறந்துவிட்டால், தகுதிபெற்றவர் மீண்டும் மடித்துத் தரும்வரை குதிக்க முடியாது.

போர்க்காலப் படைவீரர்கள் டிக்கெட் வாங்குமுன் முகாம் பயிற்சித் தேதியைப் பாருங்கள். சுளுக்கிய காலோடு முகாமுக்குப் போகாதபடி, இடையில் சில வாரங்கள் விடுவது நல்லது.