லாஸ்ட் சீன் யாருக்குத் தெரியணும்?

வாட்ஸ்அப்பில் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘லாஸ்ட் சீன்’ என்று, அவர் கடைசியாக வாட்ஸ்அப்பைத் திறந்திருந்த நேரத்தைக் காட்டும். சிலருக்கு அது வம்பு பேச ஒரு துப்பு. சிலருக்கு அதுதான் நிம்மதி. வேலூர் பாகாயத்தில் ஒரு வீட்டில் அது இரண்டு வேலையையும் பார்த்துவிட்டது.

கணவர் காலமான பிறகு அந்த அம்மா அங்கே தனியாக இருக்கிறார். மகள் லண்டனில் நர்ஸ். நைட் டியூட்டி நடுவில், 12 மணிக்கு டீ குடிக்கும்போது போனைப் பார்ப்பார். குளிர்காலத்தில் அப்போது இங்கே விடிகாலை 5.30. லாஸ்ட் சீன் 11.50 என்று மகளின் போன் காட்டினால், அம்மா 5.20-க்கே எழுந்துவிட்டார் என்று அர்த்தம். மனசு லேசாகி வேலைக்குத் திரும்புவார். இப்படிப் பார்க்கிறார் என்பது அம்மாவுக்கே தெரியாது.

ஆம்பூரில் இருக்கும் நாத்தனாரும் பார்த்தார். “ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல என்ன அண்ணி வேலை?” என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சிரித்தபடி கேட்டுவிட்டார். மூட்டு வலியில் தூக்கம் வராமல் பேத்தியின் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை அங்கே எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டினார். அவன் ‘நோபடி’ என்று மாற்றிக் கொடுத்தான். யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடிகாலை மகளுக்கு அந்த வரியே காணோம். “அம்மா?” என்று அனுப்பினார். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. செய்தி போனுக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். நாலு தடவை அழைத்தும் எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினார். பால் பாக்கெட்டோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார் அம்மா.

“உயிரே போயிடுச்சும்மா!”

“பால் வாங்கத்தாண்டி போனேன். நீ தினமும் பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

2009-ல் ஜான் கூம் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது அதன் முதல் யோசனையே இதுதான்: ஒருவர் இப்போது பிஸியா, பேசலாமா என்பதை அவர் பெயருக்குப் பக்கத்தில் காட்டுவது. செய்தி அனுப்பும் வசதி பிறகு வந்தது. யார் யாருக்குக் காட்டக்கூடாது என்று ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி 2022-ல் வந்தது.

செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் ‘லாஸ்ட் சீன் அண்ட் ஆன்லைன்’ என்பதைத் தொட்டால், ‘மை கான்டாக்ட்ஸ் எக்செப்ட்’ என்று ஒன்று இருக்கும். அதில் வேண்டாதவர் பெயரை மட்டும் டிக் செய்தால் போதும். மற்ற உறவுகளுக்கு வழக்கம்போலத் தெரியும். யாரிடம் மறைக்கிறோமோ, அவருடைய நேரமும் நமக்குத் தெரியாது. பாகாயத்து அம்மாவின் பட்டியலில் இப்போது நாத்தனார் பெயர் மட்டும்தான்.

ஆனாலும் அந்த வரி சொல்வது வாட்ஸ்அப்பைத் திறந்திருந்த நேரத்தை மட்டும்தான். வலி இருக்கிறதா, தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று அது சொல்லாது. அதற்கு ஒரு போன் போட்டுக் கேட்கத்தான் வேண்டும். மகள் இப்போது டியூட்டி முடிந்ததும் பேசிவிடுகிறார். மூட்டு வலி விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது.