ஸ்ரீநகரத்துக் குளிரும் குழாய் நீரும்

தென்னாட்டில் குழாய் வறண்டால் கோடையைக் குறை கூறுவோம். ஸ்ரீநகரிலோ அப்பழி குளிர்காலத்தைச் சேரும். ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில், டிசம்பர் 21 முதல் 40 நாட்களைச் ‘சில்லை கலான்’ என்பர். பெருங்குளிர் என்பது பொருள். அந்நாட்களில் தால் ஏரியின் நீர்ப்பரப்பும் வீட்டுக் குழாய்களும் உறைவதுண்டு. காலையில் குழாயடியில் நெருப்பு மூட்டி நீரை இளக்குவோரைக் காணலாம்.

நீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு அளவு பெருக்கிறது. இரும்புக் குழாயும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆயினும் வெடிப்பு இரவில் புலப்படுவதில்லை. வெயிலேறிப் பனிக்கட்டி இளகிய பின்னரே நீர் பீறிடும். அன்று குழந்தைகளுக்குக் குடிநீரும் இல்லை, சுவரெல்லாம் ஈரம்.

நீரற்ற குழாய் உறைந்து வெடிப்பதில்லை. ஆகவே மாலையிலேயே குடங்களை நிரப்பிக்கொண்டு, வீட்டின் வால்வை அடைத்து, தாழ்விடத்துக் குழாயைத் திறந்து நீரை வடித்துவிடுதல் நன்று. வடிக்க இயலாவிடில் குழாய்க்குக் கோணி சுற்றி, நீரை இரவெல்லாம் மெல்லிய தாரையாக ஒழுகவிடலாம்.

உறைந்துவிட்டாலோ, குழாயைத் திறந்துவைத்து, வெதுநீரில் நனைத்த துணியை அதன் வாய்ப்பக்கத்திலிருந்து ஒற்றிவருக. இளகும் நீர் வெளியேற வழியிருக்கும். நெருப்பு வேண்டாம், பிளாஸ்டிக் குழாயாயின் உருகிவிடும்.

2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடுகிறது. இனி நம்மவர் பலர் இங்கு மாற்றலாகி வரக்கூடும். அவர்கள் கம்பளி வாங்கப் புறப்படுமுன், வீட்டு வால்வு எங்குள்ளதெனக் கேட்டறிவாராக.