ஒரு கட்டு பீடி

அண்ணனுக்கு அப்போது 38 வயது. பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில் வேலை. வாசலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடியோ தீப்பெட்டியோ கொண்டுபோக முடியாது. சாயங்காலம் மல்லாங்கிணற்றில் வேனைவிட்டு இறங்கியதும் நின்ற இடத்திலேயே மூன்று நான்கு பீடியை அடுத்தடுத்து இழுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

நடந்தால் வலது கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றார். பிறகு பெருவிரல் நுனி கறுத்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். "இது பர்கர் நோய். பீடியை இன்னையோட விட்டுரணும். ஒண்ணுகூடக் கூடாது" என்றார் டாக்டர்.

நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது முதல் பாதியை மட்டும். பர்கர் என்றால் எனக்குத் தெரிந்தது பேக்கரியில் விற்பதுதான். தின்கிற பண்டத்தால் வந்த வினை என்று நானே முடிவுகட்டி, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவிலிருந்து பேக்கரி பன் வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். பீடியைப் பற்றிச் சொன்னது டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு என்று நினைத்தேன். அண்ணன் காதிலும் அது விழுந்ததுதான். ஆனால் வீட்டில் படித்தவன் நான்; என் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார். ராத்திரியெல்லாம் காலைத் தொங்கப்போட்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பீடிக்கட்டை நானே வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் விரல்கள் போயின. அடுத்து முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில், பயிற்சி டாக்டர் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பர்கர் என்பது ஒரு மனிதரின் பெயராம். வியன்னாவில் 1879-இல் பிறந்து நியூயார்க்கில் வேலை பார்த்த லியோ பர்கர். வெட்டி எடுத்த 11 கால்களின் ரத்தக் குழாய்களை ஆராய்ந்து, அவை அழன்று அடைத்துக் கிடப்பதை 1908-இல் எழுதியவர். அது ஜெர்மன் குடும்பப் பெயர், குடிமகன் என்று பொருள் என்பதைப் பின்னால் படித்தேன். தின்கிற பர்கர், ஹாம்பர்க் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பண்டத்துக்கும் இந்த நோய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"புகையிலையை முழுசா விட்டவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காலை எடுக்க வேண்டி வர்றதில்ல, அண்ணே. ஒண்ணு ரெண்டு குடிச்சாலும் நோய் நிக்காது" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு கட்டில் தள்ளி இருந்தவருக்கு இரண்டு காலும் இல்லை. என் வயதுதான் இருக்கும். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காலையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கட்டு. ஒவ்வொரு பீடியிலும் சுற்றியிருந்த நூல் விரலில் நெருடியது. எத்தனை கட்டு இருக்கும் என்று எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டுவிட்டேன்.

அண்ணன் கண்விழித்துக் கையை நீட்டினார்.

"வாங்கிட்டு வந்தியாடா?"

"இல்லண்ணே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.