ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ டீச்சரா இருந்தவ. நீ சொன்னா கேப்பான். ஞாயித்துக்கிழமை ஆனா பையன் எழும்பூர் கிளம்பிடறான். ஏதோ பௌத்த இளைஞர் குழுவாம், தியானமாம். சாமியாரா போயிடுவானோன்னு அவன் அம்மா அழறா" என்றாள். அவளுடைய பேரன், கல்லூரியில் இரண்டாம் வருடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனே ஒரு பழைய நினைவு வந்து, சிரிப்பு நின்றுவிட்டது.

சுமார் 35 வருடங்களுக்கு முன், வட சென்னையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். மணிமேகலையின் அமுதசுரபி பற்றிய பாடம். கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், எங்க தாத்தா புத்தர் சங்கத்துல இருக்காரு. ஞாயித்துக்கிழமை பெரம்பூர்ல எல்லாரும் கூடுவோம். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டான். "முதல்ல பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பாரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பௌத்தக் காப்பியத்தைப் பாடமாக நடத்திக்கொண்டே, பௌத்த வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டேன்.

அதனால் தங்கையிடம், "முதல்ல நான் போய்ப் பார்க்கறேன்" என்று சொன்னேன். மாம்பலம் ஸ்டேஷனில் பேரனோடு மின்சார ரயில் ஏறினேன். நாலாவது ஸ்டேஷன் எழும்பூர்.

ஒரு மாடிக் கூடத்தில் இருபது இளைஞர்கள் இருப்பார்கள். பஞ்சசீலத்தைப் பாலியில் சொல்லிவிட்டு, தமிழில் பொருளும் சொன்னார்கள்: உயிரைக் கொல்லாமை, திருடாமை, தவறான ஒழுக்கம் இன்மை, பொய் பேசாமை, போதை தவிர்த்தல். பிறகு இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்தார்கள். ஒரு செல்போன் கூட ஒலிக்கவில்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதி வாங்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமே!

அப்புறம் காலாம சூத்திரம் பற்றிப் பேசினார்கள். பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்றுக்கொள்ளாதே, நல்லதா கெட்டதா என்று நீயே அறிந்து ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். "டீச்சர் சொன்னாலும் அப்படித்தானா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மதியம் பேரன் என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனான். அமராவதிக் கற்சிற்பங்களையும் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளையும் காட்டி விளக்கம் சொன்னான். இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அவன் பாடம் நடத்தினான்.

இது நமக்கு அந்நியமான சமாசாரம் இல்லை. 1898-ஆம் வருடத்தை மட்டும் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது அந்த வருடம்தான். அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்று, சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும் அதே வருடம். கொழும்பில் இளைஞர் பௌத்த சங்கம் பிறந்ததும் அப்போதுதான். ஞாயிறு தம்மப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கம் தேர்வுகள் நடத்துகிறது. நம் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலுக்கு 1948-இல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். 'பௌத்தமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமியும் என்னைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. மதம் மாற்றிவிடுவார்களா என்று என்னிடமும் கேட்டார்கள். அந்தக் கூடத்தில் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தராக இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது சுயமரியாதை. சாதியின் பெயரால் தலைகுனிய வைத்த சமூகத்தில் நிமிர்ந்து நிற்கக் கிடைத்த வழி. தியானத்துக்காகவும் நண்பர்களுக்காகவும் மட்டும் வருகிறவர்களும் உண்டு. யாரும் யாரையும் வற்புறுத்தியதை நான் பார்க்கவில்லை.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் கூடவே போங்கள். நடத்துகிறவர்களிடம் பேசுங்கள். பணம் கேட்கிறார்களா, வீட்டுக்குத் தெரியாமல் வரச் சொல்கிறார்களா, எத்தனை மணிக்கு அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். கோயில் உழவாரப் பணியோ, என்.எஸ்.எஸ். முகாமோ, பிள்ளை எங்கே போனாலும் இதைத்தானே பார்ப்போம்? எல்லாம் சரியாக இருந்தால் தடுக்காதீர்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு நல்ல நாலு பேரோடு கூடி உட்கார ஒரு இடம் வேண்டும். நாம் காட்டாவிட்டால் செல்போன் காட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. போகிற இடத்தை வீட்டில் மறைக்காதீர்கள். அம்மாவை ஒரு தடவை அழைத்துப் போங்கள். தங்கையின் மருமகள் போன ஞாயிறு போய்வந்தாள். அழுகை நின்றுவிட்டது. "காலையில தானா எழுந்துக்கறான் பெரியம்மா" என்கிறாள்.

கடைசி பெஞ்சு மாணவனே, உனக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். இதைப் படிக்கிறாயா, தெரியாது. அன்று நான் சொன்னது தப்பு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடுகிறீர்களா? கூடினால் சொல்லு. டீச்சர் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்,
மேற்கு மாம்பலம்