இழந்ததையும் எண்ணிச் சொல்லும் பதிவு

ஒரு கணினி செயலிழந்த பிறகு அதற்குள் என்ன நடந்தது என்று அறிய வேண்டுமானால், அதன் பதிவு அந்தக் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். நினைவகத்தில் இருந்தது மின்சாரத்தோடு போய்விடும். வட்டில் எழுதப்படக் காத்திருந்த கடைசிச் சில நொடிகளும் பெரும்பாலும் வட்டைச் சென்றடைவதில்லை. நமக்கு வேண்டியவையோ அந்தக் கடைசி நொடிகள்தான். இதற்காகவே, ஒரு கணினியின் இயக்கத் தடங்களை நெட்வொர்க் வழியே வாங்கி வேறொரு கணினியில் சேமிக்கும் பின்னணிச் சேவைகள் உருவாயின. லினக்ஸ் உலகில் எல்டிடிஎன்ஜி என்னும் தடப்பதிவுக் கருவியோடு வரும் ரிலே டீமன் அத்தகைய ஒன்று. இப்படியொரு சேவையை நிறுவுகிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, அது எவ்வளவு சேகரிக்கும் என்பதை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன்: அது எதை இழக்கும், எந்த இடத்தில் இழக்கும், இழந்ததை எண்ணிச் சொல்லுமா? இழக்காத சேவை எதுவும் இல்லை. இழப்பை மறைக்கிற சேவை, சேகரித்துக் கொடுத்ததையும் சேர்த்து ஐயத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது.

லாக் வேறு, தடப்பதிவு வேறு. நிரலை எழுதியவர் சொல்லத் தகுந்தது என்று முன்கூட்டியே நினைத்ததை மட்டும் லாக் சொல்லும். தடப்பதிவு, கெர்னலுக்குள் நடப்பதை நடக்கும் வரிசையிலேயே குறித்துவைக்கும்: எந்த வேலை எந்தப் பிராசசருக்குப் போனது, எது எதற்காகக் காத்து நின்றது, எந்த சிஸ்டம் கால் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று எல்லாவற்றையும். மாண்ட்ரியல் எகோல் பாலிடெக்னிக்கில் மாத்யூ தெனுவாயே தொடங்கிவைத்த எல்டிடிஎன்ஜியில் ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனி வட்டப் பஃபர் உண்டு. அது சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு நிரம்பியதும் வேறொரு நிரல் அதை எடுத்து, டிசிபி இணைப்பில் ரிலே டீமனுக்கு அனுப்பிவைக்கும். கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு 5342, தரவுக்கு 5343, ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க விரும்புவோருக்கு 5344 என்று மூன்று போர்ட்டுகள். அமைப்பு இவ்வளவு எளியதுதான். சிக்கல் அளவில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பிராசசரில் நொடிக்கு 1 லட்சம் நிகழ்வுகள் பதிவாகின்றன, ஒவ்வொன்றும் 32 பைட் என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 3.2 எம்பி. 16 பிராசசர் உள்ள சர்வர் என்றால் 51.2 எம்பி, அதாவது 1 கிகாபிட் இணைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு பதிவுக்கே போய்விடும். ஒரு நாள் முழுவதும் இப்படியே ஓடினால் ஏறத்தாழ 4.4 டெராபைட் சேரும். ஒரு பிராசசருக்கு 4 எம்பி பஃபர் கொடுத்திருந்தால், நெட்வொர்க் நின்ற 1.25 நொடியில் அது நிரம்பிவிடும். நெட்வொர்க்கில் ஒன்றேகால் நொடித் தடங்கல் அரிய சம்பவம் ஆகாது. சுவிட்ச் ஒன்று மறுதொடக்கம் ஆனாலே அதைவிட நேரம் பிடிக்கும். ஆகவே பஃபர் நிரம்பும் நேரம் ஒருநாள் வந்தே தீரும். அப்போது என்ன செய்வது என்பதை முன்னதாகவே தீர்மானித்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை மூன்று: பதிவாகிக்கொண்டிருக்கும் நிரலைக் காக்கவைப்பது, புதிய நிகழ்வுகளை விட்டுவிடுவது, பழையவற்றின் மேல் எழுதுவது. முதலாவது எதையும் இழக்காது என்பதால் அதுவே சிறந்தது என்று தோன்றும். ஆனால் காக்கவைத்த நொடியிலிருந்து அந்த நிரல் வேறு நடையில் ஓடத் தொடங்குகிறது. நாம் தேடும் கோளாறுகளில் பல, இரண்டு வேலைகள் சில மைக்ரோநொடி முன்பின்னாக வந்து மோதுவதால் விளைபவை. ஒன்றைத் தாமதப்படுத்தினால் அவை தலைகாட்டாமலே போகும். அதைவிடக் கேடு, பதிவை வாங்கும் கணினியின் வட்டு நிரம்பியதற்காக மக்களுக்குப் பயன்படும் சேவை நின்றுபோவது. எல்டிடிஎன்ஜி இயல்பாகவே இரண்டாவது வழியை எடுக்கிறது: இடம் இல்லையென்றால் புதிய நிகழ்வை விட்டுவிட்டு, விட்டதன் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும். ஏரிக்குக் கலிங்கு வைத்தவர்களின் அறிவும் இதுதான். கரை உடையாமல் இருக்க, மிகுந்த நீர் போவதற்கு வழி விட்டார்கள். எங்கே போக வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள்.

எங்கே என்பதுதான் இதில் முக்கியம். எரிக் ஆல்மன் 1980களில் சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்காக எழுதிய சிஸ்லாக் என்னும் லாக் சேவை, நெடுங்காலம் யுடிபி 514ஆம் போர்ட் வழியாகவே செய்திகளை அனுப்பிவந்தது. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. நெரிசல் மிகும்போதுதான் பாக்கெட்டுகள் அதிகம் தொலையும். கோளாறுகள் அதிகம் தோன்றுவதும் நெரிசலில்தான். அதாவது மிகவும் தேவைப்படும் வேளையில் பதிவு சத்தமில்லாமல் மெலிந்துவிடும். ரிலே டீமன் டிசிபியைப் பயன்படுத்துவதால் இழப்பே இராது என்று பலர் எண்ணுகிறார்கள். டிசிபி இழப்பை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. பாதை அடைபட்டால் அனுப்பும் நிரல் நிற்கும், அதன் பின்னால் பஃபர் நிரம்பும், நிகழ்வு பிறந்த கணினியிலேயே அது விடுபடும். அங்கே அதை எண்ண முடியும். அந்த எண்ணிக்கை அடுத்த துண்டின் தலைப்பில் ஏறி வந்துசேரும். பிறகு பேபல்டிரேஸ் என்னும் கருவி கொண்டு பதிவைப் படிக்கும்போது, இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையே இத்தனை நிகழ்வுகள் விடுபட்டன என்று அதுவே சொல்லும். டிசிபியின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: எல்லாவற்றையும் வெளியே அனுப்புவானேன்? கணினிக்குள்ளேயே வட்டப் பஃபரில் ஓடவிட்டு, கோளாறு வந்ததும் அதை எடுத்துக்கொண்டால் போதாதா? வலுவான மறுப்புதான், அதற்குச் செவ்வாய்க் கிரகத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1997 ஜூலை 4இல் அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆனது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிக்க பணி அந்தப் பூட்டுக்காகக் காத்து நிற்க, நடுத்தரப் பணிகள் இடையில் புகுந்து ஓடின. நேரத்துக்கு முடியாத வேலையைக் கண்ட இன்னொரு பணி கணினியை மறுதொடக்கம் செய்தது. அந்த மென்பொருளில் தடப்பதிவு வசதி எப்போதும் இயங்கும்படியே விடப்பட்டிருந்தது. ஆயினும் அந்தப் பதிவைச் செவ்வாயிலிருந்து பூமிக்குக் கொண்டுவர வழி இல்லை என்று அதை எழுதியவர்களுக்கே தெரியும். பூமியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் அதே மென்பொருளை அதே பணிகளோடு திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 18 மணி நேரத்துக்குள் கோளாறு மீண்டும் தோன்றியது. பதிவைப் பார்த்தவுடன் காரணம் புலப்பட்டது.

இந்தச் சம்பவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. உள்ளேயே ஓடும் வட்டப் பஃபர் எவ்வளவு அருமையானது என்பதற்கு அது சான்று. எப்போதும் இயங்கியதால்தான் ஆய்வுக்கூடத்தில் எதையும் மாற்றாமல் தேட முடிந்தது. அதே சமயம், வெளியே வர வழியில்லாத பதிவுக்கு ஈடாக அதே கருவியும் அதே பணிச்சுமையும் கையருகே வேண்டியிருந்தன என்பதையும் அது காட்டுகிறது. விண்வெளி நிறுவனத்திடம் அவை இருந்தன. மருத்துவமனைக்கோ வங்கிக்கோ சர்வர் நடத்துபவரிடம், தன் பயனர்களின் ஒரு நாளை அப்படியே மறுபடி நடத்திக்காட்டும் ஆய்வுக்கூடம் இருப்பதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே முறை: விரிவான பதிவு உள்ளேயே சுழலட்டும், கோளாறின் அறிகுறி தெரிந்ததும் அதன் பிரதி ஒன்று ரிலே டீமனுக்குப் போகட்டும், தேர்ந்தெடுத்த சில நிகழ்வுகள் மட்டும் இடைவிடாமல் வெளியே போய்க்கொண்டிருக்கட்டும். கடைசித் துண்டு நிரம்புவதற்குள் கணினி விழுந்தால் அது வந்துசேராது என்பது உண்மை. துண்டு நிரம்பாவிட்டாலும் குறித்த இடைவெளியில் அனுப்பச் சொல்லும் டைமர் அந்த இழப்பைச் சுருக்கும். வந்துசேர்ந்த கடைசித் துண்டின் நேரம், நமது அறிவு எதுவரை என்பதற்கு எல்லை போட்டுக் கொடுக்கும்.

மாதிரி எடுத்தால் போதுமே என்பது அடுத்த மறுப்பு. டாப்பர் என்னும் தன் தடப்பதிவு அமைப்பைப் பற்றிக் கூகுள் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு நல்ல ஆதாரம். டாப்பரின் முதல் பதிப்பு 1,024 கோரிக்கைகளுக்கு ஒன்றை மட்டுமே பதிந்தது, பெரும் போக்குவரத்து உள்ள சேவைகளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. போக்குவரத்து குறைந்த சேவைகளில் அதே விகிதம் முக்கியமானதைத் தவறவிடக்கூடும் என்பதையும் அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. மாதிரி எடுப்பது நான் சொல்வதற்கு எதிரானது ஆகாது. விகிதத்தை முன்னரே அறிவித்துவிட்டு இழப்பதுதான் மாதிரி. விகிதம் தெரிந்திருக்கும் வரை மொத்தத்தைக் கணிக்கலாம், ஐயத்தின் அளவையும் சொல்லலாம்.

பதிவு செய்யும் சேவையே கணினிக்குச் சுமையாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஒரு நிகழ்வைக் குறிக்க நூறு நானோநொடி அளவில் ஆகும் என்றாலும், லட்சக்கணக்கில் சேரும்போது அதுவும் ஒரு செலவுதான். நெட்வொர்க் வழியே அனுப்பும்போது இன்னொரு விளைவும் சேர்கிறது: பதிவை அனுப்புவதே நெட்வொர்க் வேலை, நெட்வொர்க் வேலைகளைப் பதியச் சொல்லியிருந்தால் அனுப்பும் வேலையும் பதிவாகும், அந்தப் பதிவையும் அனுப்ப வேண்டும். பல நிகழ்வுகளைச் சேர்த்து ஒரே துண்டாக அனுப்புவதால் இது கட்டுக்கடங்காமல் பெருகுவதில்லை; அனுப்பும் நிரலைப் பதிவிலிருந்து விலக்கிவைக்கவும் வழி இருக்கிறது. சுமை எவ்வளவு என்று அளந்து, அதையும் பதிவோடு சேர்த்துச் சொல்வதே இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்.

பல கணினிகளின் பதிவுகள் ஓரிடத்தில் சேரும்போது நேரமும் ஐயத்துக்குரியதாகிறது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட ஒரு நாளில் 1.7 நொடி தள்ளிப்போகும். ஒரே கட்டடத்துக்குள் செய்தி போய்ச்சேர ஆகும் நேரமோ மில்லிநொடியிலும் குறைவு. என்டிபி கொண்டு கடிகாரங்களைச் சரிசெய்தாலும், கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்ததாகப் பதிவு காட்டக்கூடும். ஒவ்வொரு கணினிக்குள்ளும் நிகழ்ந்த வரிசையையும், அனுப்புவது பெறுவதற்கு முந்தியது என்ற விதியையும் கொண்டே நிகழ்வுகளை வரிசைப்படுத்தலாம் என்று கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் காட்டினார். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் பிறப்பித்த ஆணை, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதோடு கடிகாரங்களை ஒத்திசைக்கவும் சொன்னது. இரண்டையும் ஒரே ஆணையில் வைத்தது பொருத்தமே. கடிகாரத்தின் பிழை எவ்வளவு என்று தெரியாத பதிவில், எதற்குப் பின் எது நடந்தது என்பதைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு அந்தரங்கம் பற்றியது. இதில் மறுப்பவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். தடப்பதிவில் கோப்புகளின் பெயர்கள், நிரல்களின் பெயர்கள், நெட்வொர்க் முகவரிகள் எல்லாம் இருக்கும். நேர இடைவெளிகூடக் காட்டிக்கொடுக்கும்: எஸ்எஸ்எச் இணைப்பில் விசைகள் தட்டப்படும் இடைவெளியை வைத்தே கடவுச்சொல்லைப் பற்றித் துப்புப் பெறலாம் என்று 2001இல் ஓர் ஆய்வு நிறுவியது. ரிலே டீமனோ வந்த இணைப்பு யாருடையது என்று விசாரிப்பதில்லை, தரவைக் குறியாக்கம் செய்வதுமில்லை. தரவுப் போர்ட்டை இயல்பாகவே எல்லா முகவரிகளிலும் திறந்துவைக்கிறது. எனவே அதை உள் நெட்வொர்க்குக்கு மட்டும் கட்டிவைத்து, ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்து, வெளியே போக வேண்டியிருந்தால் எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டும். ரூட் உரிமை இல்லாத கணக்கில் ஓட்டி, சேர்ந்ததைக் குறித்த நாளில் அழிக்கவும் வேண்டும். இவற்றைச் செய்ய முடியாதவர்கள் அந்தச் சேவையை நடத்தாமல் இருப்பதே மேல். பயனர் ஒருவரின் அந்தரங்கத்தைப் பணயம் வைத்துத் தேட வேண்டிய அளவுக்கு எந்தக் கோளாறும் பெரிதில்லை.

இழப்பின் எண்ணிக்கையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. கோளாறைத் தேடுகிறவர் பதிவிலிருந்து இரண்டு வகை முடிவுகளுக்கு வருகிறார். இது நடந்தது என்பது ஒன்று; அதற்குப் பதிவில் ஒரு வரி இருந்தால் போதும். இது நடக்கவில்லை என்பது மற்றொன்று. அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை, அந்த நேரத்தில் வட்டு தாமதிக்கவில்லை, அந்த நிரல் காத்திருக்கவில்லை என்றெல்லாம் சொல்லித்தான் பழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்கிறது. தவறு செய்யாத ஒருவர் விடுவிக்கப்படுவதும் அப்படித்தான். அந்த இடைவெளியில் விடுபட்ட நிகழ்வுகள் பூஜ்யம் என்று பதிவே சொன்னால்தான் இரண்டாவது வகை முடிவுக்கு வர நமக்கு உரிமை உண்டு. எண்ணிக்கை இல்லாத பதிவின் மௌனத்தை வைத்து எதையும் மறுக்க முடியாது. ஆகவே தடங்களைச் சேகரிக்கும் சேவையை நிறுவும் நாளிலேயே அதன் நெட்வொர்க் கேபிளைச் சில நொடி பிடுங்கிப் பார்க்க வேண்டும். மீண்டும் செருகியதும், இடையில் எத்தனை நிகழ்வுகள் விடுபட்டன என்று அது சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். சொல்லாவிட்டால், வேறொன்றைத் தேடிக்கொள்ள அதுவே போதுமான காரணம்.